பத்தரிடம் கேளுங்கள்: நங்கூர முத்திரையும் மூக்குப்பேணியும்

வீட்டில் கிடக்கும் பழைய வெள்ளிப் பேணி, செம்பு, குவளை பற்றிக் கேட்கலாம் என்று போன இதழில் எழுதியிருந்தேன். கடிதமாகவும் வட்ஸ்அப்பில் படமாகவும் நிறைய வந்துவிட்டன. பதின்மூன்று வயதில் அப்பாவின் பட்டடைக்கு முன்னால் உட்கார்ந்தவன் நான். இப்போது எனக்கு 67. திருகோணமலைப் பத்திரகாளி அம்மன் கோவிலுக்குப் பின்பக்கத் தெருவில் அதே பட்டறைதான். கையில் பிடித்துப் பார்த்தும் அடித்தும் ஒட்டியும் தெரிந்துகொண்டதை வைத்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் அப்பப்பா டொக்கியாட்டில் வேலை செய்தவர். 1957இல் வெள்ளைக்கார நேவி போகும்போது ஓர் அதிகாரி அவருக்குக் கைபிடி வைத்த குவளை ஒன்றைக் கொடுத்தாராம். அடியில் நடக்கிற சிங்கம், நங்கூரம், ஓர் ஆங்கில எழுத்து எல்லாம் வரிசையாக இருக்கின்றன. நங்கூரம் நேவி முத்திரைதானே? கைபிடியின் கீழ்நுனியில் ஊசி போகிற அளவு ஓட்டை ஒன்றும் இருக்கிறது. அதை அடைத்துத் தர ஒருவர் 1,500 ரூபாய் கேட்கிறார். அடைக்கலாமா?
– ஒரு வாசகி, உவர்மலை

பதில்: அடைக்க வேண்டாம் தங்கச்சி. காசையும் கொடுக்க வேண்டாம்.

அது பழுதான ஓட்டை இல்லை. செய்தவனே வேண்டுமென்று விட்டது. அந்தக் காலத்துப் பெரிய குவளைகளின் கைபிடி பெரும்பாலும் உள்ளே வெறுமையாக இருக்கும். வளைத்த இரண்டு தகடுகளைச் சேர்த்து, சூட்டில் உருகிப் பிடிக்கிற ஒட்டுப் பொடி வைத்து, நெருப்பை ஊதி ஒட்டுவார்கள். ஒட்டும்போது உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரியும். போக வழி இல்லாவிட்டால் ஒட்டு பிளந்துவிடும். அதற்குத்தான் அந்தத் துளை. குடித்து முடித்தவன் அந்த ஓட்டையில் விசிலடித்து இன்னொரு குவளை கேட்பான் என்று வெள்ளைக்காரர்களிடம் ஒரு கதை உண்டு. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கதைதான். இப்போது யாராவது நெருப்பு வைத்து அதை அடைக்கப் போனால், உள்ளே கழுவிய தண்ணீர் ஒரு சொட்டு இருந்தாலும் போதும், ஆவியாகிக் கைபிடி பிளந்துகொள்ளும்.

அடுத்தது நங்கூரம். திருகோணமலைக்காரருக்கு நங்கூரத்தைக் கண்டதும் நேவி ஞாபகம் வருவது இயல்பு. ஆனால் இங்கிலாந்து வெள்ளியில் நங்கூரம் என்றால் பேர்மிங்ஹாம் நகரம். அந்த ஊருக்குக் கடலே கிடையாது! 1773இல் பேர்மிங்ஹாமுக்கும் ஷெஃபீல்டுக்கும் வெள்ளியைச் சோதித்து முத்திரை குத்தும் உரிமை கிடைத்தது. அதற்காக வாதாடப் போனவர்கள் லண்டனில் கூடிய விடுதியின் பெயர் ‘கிரீடமும் நங்கூரமும்’. நாணயம் சுண்டிப் பார்த்து ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஷெஃபீல்டின் அடையாளம் கிரீடமாக இருந்தது. லண்டனுக்குச் சிறுத்தைத் தலை.

நடக்கிற சிங்கம்தான் உங்களுக்கு முக்கியம். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பதற்கு அது சாட்சி. மிச்சம் பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி மிகவும் மெது. அதில் குவளை அடித்தால் மேசையில் ஒருதரம் தட்டுப்பட்டாலே நெளிந்துவிடும். செம்பு சேர்ந்தால்தான் உடம்பில் உறுதி பிடிக்கும்.

தனி எழுத்து வருடத்தைச் சொல்லும். ஆனால் ஒவ்வொரு நகரத்துக்கும் வேறு வேறு வரிசை. அதே எழுத்து சுற்றிச் சுற்றித் திரும்ப வரும். எழுத்தின் வடிவும் அதைச் சுற்றியுள்ள கேடயத்தின் வடிவும் தெரிந்தால்தான் வருடம் பிடிபடும். நீங்கள் அனுப்பிய படத்தில் வெளிச்சம் நேரே விழுந்து எழுத்து வெளிறிவிட்டது. காலை வெயிலில், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி இன்னொன்று எடுத்து அனுப்புங்கள். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லலாம். 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கு அடையாளமாக அரசர் அல்லது அரசியின் தலையையும் குத்தினார்கள். உங்கள் குவளையில் தலை இல்லை. உடம்பின் அமைப்பையும் சேர்த்துப் பார்த்தால் 1890க்குப் பிந்தியது என்றுதான் என் கண்ணுக்குப் படுகிறது.

இதே மாதிரிக் குவளை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடியில் சிங்கம் இல்லாமல் ஈ.பி.என்.எஸ். என்று நான்கு ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது வெள்ளிப் பாத்திரம் இல்லை. செம்பு, நாகம், நிக்கல் கலந்த உடம்பின் மேல் மின்சாரத்தால் ஏற்றிய வெள்ளித் தோல். 1840இல் எல்கிங்டன் குடும்பத்தார் காப்புரிமை எடுத்த முறை அது. நேவிக்காரர் விட்டுப்போனவை என்று என் பட்டறைக்கு வந்தவற்றில் அநேகம் இந்த வகைதான். எழுத்து தேய்ந்திருந்தால் தராசில் பாருங்கள். முதலில் சும்மா நிறுங்கள். பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக மூழ்கத் தொங்கவிட்டு நிறுங்கள். 311 கிராம் பாத்திரம் தண்ணீருக்குள் 281 காட்டினால் குறைந்தது 30. 311ஐ 30ஆல் பிரித்தால் பத்தேகாலுக்கு மேலே வரும். அது வெள்ளியின் கனம். எட்டரை, எட்டேமுக்கால் என்று வந்தால் மற்றது. ஆனால் தங்கச்சி, உங்கள் குவளைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. கைபிடிக்குள் காற்று இருக்கிறதே.

கேள்வி: ‘தம்ளர்’ தமிழ்ச் சொல்லா?
– ஒரு மாணவர், நிலாவெளி

பதில்: இல்லை தம்பி, ஆங்கிலத்திலிருந்து வந்தது. அங்கே அதற்குப் புரண்டு உருளுவது என்று பொருள். தட்டையான அடியுள்ள பாத்திரத்துக்கு ஏன் அந்தப் பெயர்? 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கைபிடி இல்லாத சிறிய வெள்ளிக் கிண்ணங்கள் செய்தார்கள். அடி உருண்டையாக இருக்கும். வட்டத் தகட்டை அடித்து எழுப்பும்போது சுவரை மெல்லியதாக்கி, கனத்தை முழுக்க அடியிலேயே விட்டுவிடுவார்கள். சாய்த்து விட்டால் ஆடி ஆடித் தானாக நிமிரும், நம் தலையாட்டிப் பொம்மை மாதிரி. அந்தப் பெயர்தான் பிறகு கண்ணாடிக்கும் எவர்சில்வருக்கும் வந்து, கடைசியில் நம் வாயிலும் நுழைந்துவிட்டது.

நான் ஒன்று செய்து பார்த்திருக்கிறேன். சுவர் எழும்ப எழும்ப அடி மெலியாமல் காப்பது இலேசான வேலை இல்லை. இரண்டு தகடுகள் வீணாகின. மூன்றாவதுதான் நிமிர்ந்தது.

கேள்வி: எங்கள் அம்மம்மாவின் வெள்ளி மூக்குப்பேணி என்னிடம் இருக்கிறது. தேத்தண்ணி குடித்தால் விரல் சுடுகிறது. மூக்கு எதற்கு? அதே மாதிரி மகளின் கலியாணத்துக்கு ஒன்று புதிதாகச் செய்ய முடியுமா?
– ஓர் இல்லத்தரசி, சாம்பல்தீவு

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம் அம்மா. பித்தளை மூக்குப்பேணி இன்னும் பல வீடுகளில் உண்டு. வெள்ளியில் காண்பது அரிதாகிவிட்டது. வந்ததில் பாதி உருக்குவதற்குத்தான் வருகிறது.

இப்போது என் முன்னால் ஒன்று இருக்கிறது, அப்பா செய்தது. உருண்ட வயிறு, அதற்கு மேல் கொஞ்சம் ஒடுங்கிய கழுத்து, வெளியே விரிந்த வாய், கீழே ஒரு சின்னக் கால். வயிற்றிலிருந்து மூக்கு மேல்நோக்கிப் போகிறது. மூக்கின் நுனி வாய் விளிம்புக்கு ஒரு நெல்லளவுதான் கீழே. இன்னும் தாழ்ந்தால் நிறைய ஊற்றும்போது மூக்கால் வழிந்துவிடும். விளிம்பைத் தாண்டி உயர்ந்தால் அளவுக்கு மேல் சாய்க்க வேண்டிவரும், வாயாலும் ஊற்றும். வயிற்றில் மூக்கு பிறக்கும் இடம் அகலம், நுனி ஒடுக்கம். நுனியின் கீழ் உதட்டை அப்பா கத்தி மாதிரிக் கூர்மையாக ராவியிருக்கிறார். அது மழுங்கலாக இருந்தால், குடித்துவிட்டு நிமிர்த்தும்போது கடைசித் துளி மூக்கின் அடிப்பக்கத்தால் வழுகி வேட்டியில் விழும். பேணி செய்து முடிந்ததும் அப்பா கிணற்றடிக்குப் போவார். தண்ணீர் நிறைத்து, அண்ணாந்து, ஒரு முழம் உயரத்திலிருந்து வாய்க்குள் ஊற்றுவார். நீர் நூல் மாதிரி ஒரே கோடாக வர வேண்டும். பிரிந்து இரண்டாக வந்தால் அன்றைக்கு மூக்கைக் கழற்றி மறுபடி ஒட்டுவதுதான் வேலை.

உதடு படாமல் குடிப்பதற்குத்தான் மூக்கு. எச்சில் படாது, ஒரே பேணியில் பத்துப் பேர் குடிக்கலாம். வந்தவருக்கு முதலில் தண்ணீர், பிறகு தேத்தண்ணி என்று நீட்டிய பாத்திரம் அது. ஆனால் எல்லா வீட்டிலும் எல்லோருக்கும் அதை நீட்டவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். சாதி பார்த்துச் சிலருக்குச் சிரட்டையில் ஊற்றினார்கள், சிலரைக் கையேந்தச் சொன்னார்கள். பேணியின் வடிவைப் புகழ்ந்துவிட்டு அந்தப் பேணி யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் மகளின் வீட்டில் எல்லோருக்கும் அதில் ஊற்றட்டும்.

விரல் சுடுவதற்குக் காரணம் வெள்ளியேதான். உலோகங்களில் சூட்டை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளி. வயிற்றைச் சுற்றிப் பிடித்தால் சுடத்தான் செய்யும். பெருவிரலை மேல் விளிம்பிலும் மற்ற விரல்களைக் கீழே காலிலும் வைத்துப் பிடியுங்கள். வாயை வெளியே விரித்ததும் கீழே கால் வைத்ததும் அதற்குத்தான். வெள்ளைக்காரர் தங்கள் வெள்ளித் தேநீர்க் கெண்டியின் கைபிடியில் மரத்தையோ தந்தத் துண்டையோ செருகிச் சூட்டைத் தடுத்தார்கள். நம்மவர்கள் பிடிக்கிற இடத்தை மாற்றி அதே வேலையைச் செய்துகொண்டார்கள்.

புதிதாகச் செய்யலாம். 250 கிராமுக்குக் குறையாமல் வெள்ளி வேண்டும், மூன்று கிழமை அவகாசம் தாருங்கள். பழைய பேணியை உருக்கிச் செய்யச் சொன்னால் மட்டும் நான் செய்ய மாட்டேன். அதை அளவுக்குக் கொண்டு வாருங்கள், அன்றைக்கே திருப்பித் தந்துவிடுவேன்.

கேள்வி: எங்கள் உம்மம்மாவிடம் வெள்ளியில் பன்னீர்ச்செம்பு இருக்கிறது, தட்டு இருக்கிறது. குடிக்கிற பாத்திரம் ஒன்றுகூட இல்லை. வசதியான குடும்பம்தான். ஏன்?
– ஒரு வாசகர், கிண்ணியா

பதில்: கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து என்னிடம் வந்த பழைய வெள்ளியிலும் இதைக் கண்டிருக்கிறேன். பன்னீர்ச்செம்பு வரும், சுண்ணாம்புக் கரண்டகம் வரும், குடிக்கும் பேணி வந்ததில்லை. தங்கத்திலும் வெள்ளியிலும் செய்த பாத்திரத்தில் குடிக்கக் கூடாது என்று நபிமொழி இருக்கிறது. அதை நான் விளக்குவதைவிட உங்கள் ஊர் மௌலவி விளக்குவது முறை. ஒரு தொழிலாளியாக என் கண்ணில் படுவது வேறு. பாத்திரம் வெள்ளியில் இல்லையே என்று முஸ்லிம் கைவினைஞர்கள் அழகைக் குறைக்கவில்லை. ஈராக்கின் மோசுல் நகரத்தில் 13ஆம் நூற்றாண்டில் பித்தளைக் கெண்டிகளில் கோடு கீறி, அந்தக் கோட்டுக்குள் வெள்ளித் தகட்டை அடித்து இறக்கினார்கள். ஆளும் குதிரையும் எழுத்தும் எல்லாம் மயிர் அளவு வேலை. அந்தப் படங்களைப் பார்த்தால் உளியைக் கையில் எடுக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும்.

கேள்வி: வெள்ளி கறுத்தால் ஆலுமினியத் தாளும் அப்பச்சோடாவும் சுடுதண்ணீரும் போட்டு ஊறவைத்தால் பளிச்சென்று ஆகும் என்று யூடியூப்பில் காட்டுகிறார்கள். செய்யலாமா?
– ஒரு வாசகி, பாலையூற்று

பதில்: கறுப்பு போகும், அது உண்மை. வெள்ளியின் கறுப்பு துரு இல்லை. காற்றிலிருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்த படலம். அந்தத் தண்ணீரில் கந்தகம் வெள்ளியை விட்டுப் பிரிந்துவிடும். வெறும் கரண்டிக்குச் செய்யுங்கள். நகாசு வேலை உள்ள பழைய பாத்திரத்துக்குச் செய்யாதீர்கள். பூவின் இடுக்கிலும் கொடியின் பள்ளத்திலும் நிற்கும் கறுப்புத்தான் வேலையைக் கண்ணுக்குக் காட்டுகிறது. அதையும் எடுத்துவிட்டால் எல்லாம் ஒரே வெள்ளையாகி, வேலை தட்டையாகத் தெரியும். பழப்புளியும் சாம்பலும் போட்டு உரசுவது பித்தளைக்கு. வெள்ளிக்கு வேண்டாம். பற்பசையும் கீறும். இளஞ்சூட்டுத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பழைய பருத்தித் துணி போதும். கழுவிய உடனே துடையுங்கள். நமக்கு உப்புக் காற்று வேறு.

மெருகு விஷயத்தில் நான் செய்த பிழை ஒன்றை எழுதுகிறேன். எனக்கு 22 வயது. மெருகுபோடும் மெஷின் புதிதாக வாங்கிய நேரம். ஓர் அம்மா ஒரு சின்ன வெள்ளிப் பேணியைக் கழுவித் தரச் சொல்லிக் கொடுத்தார். நான் மெஷினில் பிடித்து முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கிக் கொடுத்தேன். அவர் பேணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் கழுத்துக்குக் கீழே தடவினார். அங்கே புள்ளி புள்ளியாகக் குத்திய பெயர் ஒன்று இருந்திருக்கிறது, பாத்திரக் கடையில் பெயர் வெட்டுவார்களே, அந்த மாதிரி. சின்ன வயதில் காய்ச்சலில் போன மகளின் பெயராம். ஏற்கெனவே தேய்ந்திருந்ததை நான் முழுவதுமாக அழித்துவிட்டேன். அவர் என்னை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. கூலியை வைத்துவிட்டுப் போய்விட்டார். அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. அதன் பிறகு எந்தப் பழைய பாத்திரம் வந்தாலும் முதலில் விளக்கடியில் சாய்த்துப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, இருக்கிற எழுத்தையெல்லாம் கொப்பியில் எழுதிய பிறகுதான் தண்ணீரே காட்டுகிறேன்.

கேள்வி: என் கணவர் குழந்தையாக இருந்தபோது பால் பருக்கிய வெள்ளிச் சங்கு இருக்கிறது. என் பிள்ளைக்குப் பாவிக்கலாமா?
– ஓர் இளம் தாய், லிங்கநகர்

பதில்: முதலில் ஒட்டுகளைப் பாருங்கள் மகள். சங்கின் விளிம்பிலோ மூக்கிலோ மங்கிய சாம்பல் நிறத்தில் திட்டாக ஏதாவது இருக்கிறதா? குண்டூசியால் கீறினால் மெழுகு மாதிரிக் கீறல் விழுகிறதா? அப்படியென்றால் எப்போதோ யாரோ ஈயம் கலந்த ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். ஈயம் குழந்தைக்கு நஞ்சு. பெரியவர்களும் அப்படி ஒட்டிய பாத்திரத்தில் குடிக்கக் கூடாது. அந்தச் சங்கை அலுமாரியில் வையுங்கள். திட்டு இல்லாவிட்டாலும் ஒருதரம் என்னிடம் காட்டிவிட்டுப் பாவியுங்கள், காசு வேண்டாம். ஒவ்வொரு தரமும் கொதிநீரில் போட்டு எடுங்கள். வெள்ளி கிருமியைக் கொல்லும், கழுவத் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெள்ளிக்கு அந்தக் குணம் ஓரளவு உண்டு. பாரசீக மன்னன் சைரஸ் எங்கே போனாலும் கோவாஸ்பெஸ் ஆற்று நீரைக் காய்ச்சி வெள்ளிக் குடங்களில் கொண்டுபோனதாகப் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் எழுதியிருக்கிறார். அவர்களும் தண்ணீரைக் காய்ச்சித்தான் ஊற்றினார்கள்.

கேள்வி: 1990இல் இடம்பெயர்ந்தபோது அப்பா வெள்ளிச் செம்பையும் இரண்டு பேணியையும் சாக்கில் சுற்றி வளவில் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டுப் போனார். அவர் காட்டிய இடத்தில் தேடிக் கிடைக்கவில்லை. போன மாதம் மலசலகூடக் குழி வெட்டும்போது அகப்பட்டன. ஊதா கலந்த சாம்பல் நிறத்தில் ஓடு பிடித்திருக்கிறது. அப்பா இப்போது இல்லை. சுரண்டி எடுக்கலாமா?
– ஒரு வாசகர், குச்சவெளி

பதில்: தம்பி, சுரண்டாதீர்கள். இப்படி மண்ணுக்குள்ளிருந்து வந்தவற்றை நான் நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன். கடற்கரை மண்ணில் உப்பு அதிகம். உப்பிலுள்ள குளோரின் வெள்ளியோடு சேர்ந்துதான் அந்த ஊதாச் சாம்பல் ஓடு ஆகிறது. அந்த ஓடு வெள்ளியின் மேல் வந்து ஒட்டிய அழுக்கு இல்லை, வெள்ளியே அப்படி மாறியது. சுரண்டினால் பாத்திரத்தின் தோலையே உரிக்கிறீர்கள். செம்பின் அடியில் வேலைப்பாடு இருந்தால் அது இப்போது ஓட்டுக்குள்தான் இருக்கும்.

இன்னொன்று, இவ்வளவு காலம் மண்ணில் கிடந்த வெள்ளி நொறுங்கக்கூடும். விளிம்பு நெளிந்திருக்கிறது என்று கையால் நிமிர்த்தப் பார்க்காதீர்கள், அப்பளம் மாதிரி உடையக்கூடும். எந்தக் கடைக்காரரிடமும் நெருப்பில் காட்டக் கொடுக்காதீர்கள். அமிலம் போட்டுக் கழுவுகிறேன் என்பவரிடமும் கொடுக்காதீர்கள். மண்ணை மட்டும் மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். வாகனத்து பற்றரிக்கு விடும் சுத்த நீர் கடையில் கிடைக்கும். அதில் மூழ்கவைத்து, தினம் ஒருதரம் நீரை மாற்றி, ஒரு கிழமை வைத்து உப்பை இறக்குங்கள். பிறகு நிழலில் உலரவிடுங்கள்.

சாக்கின் துண்டு ஏதாவது ஒட்டியிருந்தால் அதையும் பிய்த்து எறியாதீர்கள். அது அப்பாவின் கை சுற்றிய சாக்கு.

அடுத்த மாதம் முதல் கிழமை நான் நிலாவெளிக்கு ஒரு கோவில் வேலையாக வருகிறேன். அங்கிருந்து குச்சவெளிக்கு வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை மூன்றையும் தனித்தனியாக வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி மரப்பெட்டியில் வையுங்கள். பத்திரிகைத் தாளில் சுற்ற வேண்டாம், ரப்பர் வளையமும் போட வேண்டாம். ரப்பரில் கந்தகம் இருக்கிறது, துணிக்கு மேலாகவும் கறுத்த கோடு விழும்.